கென்னடியின் நான்கு உரிமைகளும் தபாலில் வந்த துப்பாக்கியும்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நம் யூனியன் செயலாளர் கேட்டதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது என்னுடைய மினி டிராஃப்டர்தான். சிரிக்காதீர்கள், விஷயம் இருக்கிறது!

முதலாம் ஆண்டு சேர்ந்த புதிதில் டவுனில் ஒரு கடையில் மினி டிராஃப்டர் வாங்கினேன். பில் வேணும்னா ஒரு விலை, வேணாம்னா ஒரு விலை என்றார் கடைக்காரர். அப்பா கஷ்டப்பட்டு அனுப்பிய பணம். குறைஞ்சா சரி என்று பில் இல்லாமல் வாங்கி வந்துவிட்டேன். மூன்றே வாரம்! மரை தேய்ந்து, கோல் ஆட ஆரம்பித்துவிட்டது. நேர்கோடு போட்டால் சாய்கோடு விழுகிறது. திருப்பிக் கொண்டு போனால், பில் இருந்தாத்தான் பேச முடியும், இது எங்க கடையில வாங்கினதுன்னு என்ன அத்தாட்சி என்று கேட்டுவிட்டார். வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தேன்.

அந்த வருஷம் மார்ச் மாதம் நம் நோட்டீஸ் போர்டில் உலக நுகர்வோர் உரிமைகள் தினம், மார்ச் 15 என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஏன் மார்ச் 15? யாருடைய பிறந்த நாள்? லைப்ரரியில் போய்த் தேடினேன். பிறந்த நாள் இல்லைங்க. 1962-ஆம் ஆண்டு அந்தத் தேதியில் அமெரிக்க ஜனாதிபதி ஜான் எஃப். கென்னடி, பொருள் வாங்குகிற சாதாரண மனிதனுக்கும் உரிமைகள் உண்டு என்று தம் நாட்டுக் காங்கிரஸ் சபைக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். அந்த நாளைத்தான் உலகம் கொண்டாடுகிறது.

சரி, நல்ல விஷயம் என்று மேலே படித்தேன். படிக்கப் படிக்க மனசு கனத்துப் போனது. வாங்குபவனுக்காகப் பேசிய அதே மனிதரைக் கொன்றது, யாரும் எதுவும் கேட்காமல் தபாலில் விற்கப்பட்ட ஒரு துப்பாக்கி! அந்தக் கதையைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

நோயோடு வளர்ந்த பிள்ளை

ஜான் ஃபிட்ஸ்ஜெரால்ட் கென்னடி 1917-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் தேதி மாசசூசெட்ஸ் மாநிலத்தில் புரூக்ளைன் என்ற ஊரில் பிறந்தார். தந்தை ஜோசப் கென்னடி பெரும் பணக்காரர். தாய் ரோஸ். ஒன்பது பிள்ளைகளில் இவர் இரண்டாமவர். கொள்ளுத்தாத்தா அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்தவர். அதிலிருந்து மூன்றே தலைமுறையில் குடும்பம் மாளிகைக்கு வந்துவிட்டது.

பணம் இருந்தது, ஆரோக்கியம் இல்லை. இரண்டு வயதில் ஸ்கார்லெட் காய்ச்சல் வந்து பிழைத்ததே பெரும்பாடு. பள்ளிக்கூட நாட்களில் பாதி நேரம் ஆஸ்பத்திரிக் கட்டில்தான். படுத்துக்கொண்டே புத்தகம் படித்தார். கடைசி வரைக்கும் முதுகுவலி அவரை விடவில்லை. 1940-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். ஹிட்லரை எதிர்க்க இங்கிலாந்து ஏன் சரியான நேரத்தில் தயாராகவில்லை என்று அவர் எழுதிய ஆய்வு, அதே வருஷம் புத்தகமாக வந்து நன்றாக விற்றது.

ஆபத்து கண்ணுக்குத் தெரிந்தும் ஒரு நாடு ஏன் தூங்குகிறது? இருபத்து மூன்று வயதில் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி இது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கடலில் ஒரு போராட்டம்

இரண்டாம் உலகப்போரில் கடற்படையில் சேர்ந்தார். 1943-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2-ஆம் தேதி நள்ளிரவு கடந்த நேரம். பசிபிக் கடலில் சாலமன் தீவுகளுக்கு அருகே அவர் தலைமை தாங்கிய பி.டி.109 என்ற சின்னப் படகின்மேல் ஜப்பானிய நாசகாரிக் கப்பல் ஒன்று ஏறிவிட்டது. படகு இரண்டாகப் பிளந்தது. பதின்மூன்று பேரில் இரண்டு பேர் இறந்தார்கள். தீக்காயம் பட்டு நீந்த முடியாமல் கிடந்த ஒருவருடைய மிதவைச் சட்டையின் வாரைக் கென்னடி பல்லால் கடித்துக்கொண்டு, மணிக்கணக்காக நீந்திக் கரை சேர்த்தார். முதுகு சரியில்லாத மனிதர் செய்த காரியம் இது! உள்ளூர்த் தீவுவாசிகள் இருவர் அவர்களைக் கண்டுபிடித்தார்கள். கென்னடி தேங்காய் ஓட்டில் கத்தியால் செய்தி கீறி அவர்கள் கையில் கொடுத்தனுப்பினார். அந்தத் தேங்காய் ஓடு பிற்பாடு ஜனாதிபதியின் மேஜை மேல் இருந்தது.

மறுவருஷம் அண்ணன் ஜோசப் வெடிமருந்து ஏற்றிய விமானம் நடுவானில் வெடித்து மாண்டார். குடும்பத்தின் அரசியல் கனவு முழுவதும் தம்பியின் தோளில் வந்து இறங்கியது.

படிப்படியாக அரசியல்

1946-இல் காங்கிரஸின் கீழ்ச்சபைக்கும் 1952-இல் செனட் சபைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1953-இல் ஜாக்குலினை மணந்தார். முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு ஓய்வில் இருந்தபோது உருவான புத்தகத்துக்கு 1957-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. கட்சியையும் ஓட்டையும் பார்க்காமல் மனசாட்சிப்படி நடந்த செனட் உறுப்பினர்களைப் பற்றிய புத்தகம் அது.

செனட்டராக இருந்தபோது அவர் செய்த ஒரு சின்னக் காரியத்தை இங்கே சொல்லியாக வேண்டும். பலர் கவனிக்காத விஷயம். போர் முடிந்த பிறகு ஐரோப்பிய நாடுகள் தங்கள் ராணுவத்தின் பழைய துப்பாக்கிகளைக் கழித்துக்கட்டி மலிவு விலைக்குத் தள்ளிவிட்டன. அவை கப்பல் கப்பலாக அமெரிக்காவில் இறங்கின. கென்னடியின் சொந்த மாநிலமான மாசசூசெட்ஸில் ஸ்பிரிங்ஃபீல்டு பக்கமெல்லாம் துப்பாக்கித் தொழிற்சாலைகள் உண்டு. இந்த மலிவுச் சரக்கு அவற்றின் வியாபாரத்தில் கை வைத்தது. ஆகவே 1958-இல் கென்னடி, ராணுவத்துக்காகச் செய்யப்பட்ட பழைய துப்பாக்கிகளை இறக்குமதி செய்யக்கூடாது என்று ஒரு மசோதா கொண்டுவந்தார்.

உயிர்களைக் காப்பாற்றவா? உண்மையைச் சொன்னால், அவர் மாநிலத்துத் தொழிலைக் காப்பாற்றத்தான். அந்த மசோதாவும் முழுசாக நிறைவேறவில்லை. வெளிநாட்டுக்குக் கொடுத்த அமெரிக்கத் துப்பாக்கிகள் திரும்பி வரக்கூடாது என்ற அளவில் சுருக்கிவிட்டார்கள். இத்தாலி, ஜெர்மனி சரக்குக்குக் கதவு திறந்தே கிடந்தது. கதவு திறந்திருந்ததன் விலை ஐந்து வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

1960 தேர்தலில் கென்னடியும் நிக்சனும் மோதினார்கள். வேட்பாளர்கள் நேருக்கு நேர் விவாதித்ததை நாடே முதன்முதலாக டி.வி.யில் பார்த்தது அப்போதுதான். ஆறு கோடியே எண்பது லட்சம் பேருக்கு மேல் வாக்களித்த தேர்தலில் இரண்டு பேருக்கும் வித்தியாசம் சுமார் ஒரு லட்சத்துப் பதின்மூன்றாயிரம் ஓட்டுதான்! 43 வயதில், தேர்தலில் ஜெயித்து ஜனாதிபதியானவர்களில் மிக இளையவர் என்ற பெயரோடு, முதல் கத்தோலிக்க ஜனாதிபதியாக 1961 ஜனவரி 20-இல் பதவியேற்றார்.

மார்ச் 15

கென்னடி என்றதும் நமக்குத் தெரிவது நிலாவும் கியூபாவும். பத்தாண்டு முடிவதற்குள் மனிதனை நிலாவில் இறக்குவோம் என்று 1961 மே மாதம் இலக்கு வைத்தவர் அவர். 1962 அக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது தெரிந்தபோது, பதின்மூன்று நாள் உலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, போரில்லாமல் நெருக்கடியைத் தீர்த்தவர்களில் அவர் ஒருவர். குறைகளும் உண்டு. 1961 ஏப்ரலில் கியூபாவின்மேல் நடத்திய பிக்ஸ் வளைகுடாப் படையெடுப்பு படுதோல்வி. வியட்நாமில் ஆயிரத்துக்கும் குறைவாக இருந்த அமெரிக்க ராணுவ ஆலோசகர்கள் அவர் காலத்தில் சுமார் பதினாறாயிரம் ஆனார்கள். கறுப்பின மக்களின் சம உரிமைக்கு அவர் சட்ட மசோதா அனுப்பியது 1963 ஜூனில்தான். இவ்வளவு தாமதமா என்று அவர் ஆதரவாளர்களே வருத்தப்பட்டார்கள்.

ஆனால் நம் சமையலறைக்கும் ஹாஸ்டல் அறைக்கும் வந்து சேர்ந்த கென்னடி வேறு. அவர்தான் மார்ச் 15 கென்னடி.

1962-இல் அவர் காங்கிரஸுக்கு அனுப்பிய செய்தியின் சாரத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். நுகர்வோர் என்றால் யார்? நாம் எல்லாரும்தான். நாட்டில் நடக்கும் செலவில் மூன்றில் இரண்டு பங்கு இவர்கள் செய்வது. தொழிலதிபர்களுக்குச் சங்கம் உண்டு, தொழிலாளர்களுக்குச் சங்கம் உண்டு. வாங்குகிறவர்கள் எல்லாரையும்விடப் பெரிய கூட்டம், ஆனால் அமைப்பு இல்லாத கூட்டம். அதனால் அவர்கள் குரல் கேட்கப்படாமலே போகிறது. பொருட்கள் புதுசு புதுசாக, சிக்கலாக வருகின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரிவதில்லை.

இதற்காக அவர் நான்கு உரிமைகளை வகுத்தார்.

ஒன்று, பாதுகாப்பு உரிமை. உடலுக்கோ உயிருக்கோ ஆபத்தான பொருளிலிருந்து காக்கப்படும் உரிமை.

இரண்டு, தகவல் பெறும் உரிமை. ஏமாற்று விளம்பரம், பொய் லேபிள் இல்லாமல் உண்மையைத் தெரிந்துகொள்ளும் உரிமை.

மூன்று, தேர்ந்தெடுக்கும் உரிமை. நியாயமான விலையில் பலவற்றிலிருந்து ஒன்றைப் பொறுக்கி எடுக்கும் உரிமை.

நான்கு, குரல் கொடுக்கும் உரிமை. அரசு கொள்கை வகுக்கும்போது நம் பேச்சும் காதில் விழ வேண்டும் என்ற உரிமை.

இந்த நான்காவதைக் கவனியுங்கள் நண்பர்களே. என் கட்டுரையே அதைப் பற்றித்தான்.

ஒரு மாத்திரையின் கதை

நான்காவது உரிமை எப்படி வேலை செய்யும் என்பது அந்த வருஷமே தெரிந்துவிட்டது.

தாலிடோமைடு என்று ஒரு தூக்க மாத்திரை. ஐரோப்பாவில் கர்ப்பிணிப் பெண்களின் குமட்டலுக்கும் கொடுத்தார்கள். அமெரிக்காவில் விற்க ஒரு கம்பெனி அனுமதி கேட்டது. உணவு மருந்து நிர்வாகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த டாக்டர் ஃபிரான்சிஸ் கெல்சி என்ற பெண்மணியின் மேஜைக்கு அந்த ஃபைல் வந்தது. அவர் கையெழுத்துப் போடவில்லை. ஆதாரம் போதாது, இன்னும் பரிசோதனை விவரம் கொடுங்கள் என்று திருப்பித் திருப்பி அனுப்பினார். கம்பெனி நெருக்கியும் அவர் அசையவில்லை.

அதற்குள் ஐரோப்பாவில் கையும் காலும் வளராத குழந்தைகள் ஆயிரக்கணக்கில் பிறந்துவிட்டன. 1962 ஜூலையில் இந்தச் செய்தி அமெரிக்கப் பத்திரிகையில் வந்ததும் தாய்மார்கள் கொதித்து எழுந்தார்கள். மருந்துக் கம்பெனிகளை முறைப்படுத்த வேண்டும் என்று செனட்டர் கீஃபாவர் சில வருஷங்களாகவே விசாரணை நடத்தி வந்தார். அவருடைய மசோதா பலவீனப்பட்டுக் கிடந்தது. இப்போது அதற்கு உயிர் வந்தது. ஆகஸ்டில் கென்னடி டாக்டர் கெல்சிக்கு அரசு ஊழியருக்கான மிக உயர்ந்த விருதைக் கொடுத்தார். அக்டோபர் 10-ஆம் தேதி சட்டம் கையெழுத்தாகிவிட்டது. விற்பதற்கு முன்பே மருந்து வேலை செய்கிறது என்று கம்பெனி நிரூபிக்க வேண்டும் என்பது சட்டம்.

ஜூலையில் செய்தி, அக்டோபரில் சட்டம். மூன்று மாதம்! மக்கள் குரல் ஒன்றாக எழுந்தால் அரசு எவ்வளவு வேகமாக ஓடும் பாருங்கள்.

இருபத்தொரு டாலர்

இப்போது அடுத்த வருஷத்துக்கு வாருங்கள். 1963 மார்ச். நுகர்வோர் உரிமைச் செய்திக்கு ஒரு வயது நிறையும் அதே வாரம்.

டல்லஸ் நகரத்தில் ஒரு இளைஞன், துப்பாக்கிப் பிரியர்களின் பத்திரிகை ஒன்றில் வந்த விளம்பரத்திலிருந்து கூப்பனைக் கத்தரித்துப் பூர்த்தி செய்தான். விலாசம், ஒரு தபால் பெட்டி எண். பெயர், ஏ. ஹிடல். அப்படி ஓர் ஆளே கிடையாது! தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கி 19 டாலர் 95 சென்ட். அனுப்பும் செலவு ஒன்றரை டாலர். ஆக மொத்தம் 21 டாலர் 45 சென்ட். மார்ச் 12 தேதியிட்ட மணியார்டரை கூப்பனோடு வைத்து சிகாகோவில் உள்ள கடைக்கு அனுப்பினான். மார்ச் 20-ஆம் தேதி பார்சல் கிளம்பிவிட்டது.

நீ யார்? எதற்கு? வயசு என்ன? யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை. 1938-இல் வந்த மத்திய சட்டம் தண்டனை பெற்ற குற்றவாளிக்குத் தெரிந்தே விற்கக்கூடாது என்றது. ஆனால் கூப்பனில் எழுதிய பெயர் உண்மையா பொய்யா என்று சரிபார்க்க வழியே இல்லை. நமக்கு ஹால் டிக்கெட் வாங்கவே போட்டோ, கையெழுத்து, அட்டெஸ்டேஷன் எல்லாம் கேட்கிறார்கள்!

அந்தத் துப்பாக்கி எது தெரியுமா? 1940-இல் இத்தாலியில் டெர்னி ஆயுதசாலையில் செய்யப்பட்ட ராணுவத் துப்பாக்கி. போருக்குப் பின் கழிக்கப்பட்டு அமெரிக்காவுக்கு வந்த பழைய சரக்கு. 1958-இல் செனட்டர் கென்னடி எந்தச் சரக்கைத் தடுக்க மசோதா கொண்டுவந்தாரோ, அதே சரக்கு!

இதை முதன்முதலில் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் எதுவும் ஓடவில்லை.

1963 நவம்பர் 22, வெள்ளிக்கிழமை. டல்லஸில் மதியம் பன்னிரண்டரை மணி. திறந்த காரில் மனைவியோடு கையசைத்துக்கொண்டே போன கென்னடியின்மேல் ஒரு புத்தகக் கிடங்கின் ஆறாவது மாடியிலிருந்து குண்டுகள் பாய்ந்தன. ஒரு மணிக்கு ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்ததாக அறிவித்தார்கள். வயது 46.

அந்தக் கிடங்கில் வேலை பார்த்த லீ ஹார்வி ஆஸ்வால்டு பிடிபட்டான். ஏ. ஹிடல் என்ற பொய்ப் பெயர் அவனுடையதுதான். தப்பி ஓடும்போது ஒரு போலீஸ்காரரையும் சுட்டுக் கொன்றிருந்தான். அந்தக் கைத்துப்பாக்கியும் தபாலில் வாங்கியதே! இரண்டு நாள் கழித்து போலீஸ் நிலையத்திலேயே ஜாக் ரூபி என்பவன் அவனைச் சுட்டுவிட்டான். அவன் தனியாகச் செய்தான் என்றது 1964-இல் வாரன் கமிஷன். பின்னால் சதி இருந்திருக்கலாம் என்றது 1979-இல் காங்கிரஸ் சபைக் குழு. இன்றைக்கும் வாதம் ஓயவில்லை. ஆனால் அந்தத் துப்பாக்கி எங்கே, எப்படி, என்ன விலைக்கு வாங்கப்பட்டது என்பதில் இரண்டு விசாரணைக்கும் வேறுபாடு இல்லை.

ஐந்து வருஷத் தூக்கம்

மாத்திரைக்கு மூன்று மாதத்தில் சட்டம் வந்ததே, துப்பாக்கிக்கு எவ்வளவு நாளில் வந்தது?

கென்னடி இறப்பதற்கு முன்பே, 1963 ஆகஸ்டில், தபாலில் கைத்துப்பாக்கி விற்பதைக் கட்டுப்படுத்த செனட்டர் தாமஸ் டாட் மசோதா கொண்டுவந்திருந்தார். கொலைக்குப் பிறகு அதில் நீளத் துப்பாக்கியையும் சேர்த்தார். நாடே அழுதுகொண்டிருந்த நேரம். நிறைவேறியிருக்க வேண்டும் இல்லையா? நிறைவேறவில்லை. 1964 போனது, 65 போனது, 66, 67... 1968 ஏப்ரல் 4-இல் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜூன் 5-இல் கென்னடியின் சொந்தத் தம்பி ராபர்ட் கென்னடி சுடப்பட்டு மறுநாள் இறந்தார். இன்னும் இரண்டு பிணம் விழுந்த பிறகுதான், 1968 அக்டோபர் 22-இல் ஜனாதிபதி ஜான்சன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். வேறு மாநிலத்திலிருந்து தபாலில் வரவழைப்பது தடை செய்யப்பட்டது. பழைய ராணுவத் துப்பாக்கி இறக்குமதிக்கும் கட்டுப்பாடு வந்தது. அதாவது, 1958-இல் மூட மறுத்த கதவைப் பத்து வருஷம் கழித்து மூடினார்கள்.

ஜான்சன் கேட்ட லைசென்ஸும் பதிவும் அப்போதும் கிடைக்கவில்லை. வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்கும் பிரேடி சட்டம் வந்தது 1993-இல். 1981-இல் ஜனாதிபதி ரீகனோடு சேர்ந்து சுடப்பட்டு ஊனமான அவருடைய பத்திரிகைச் செயலாளரின் பெயர்தான் பிரேடி. சுட்டதற்கும் சட்டத்துக்கும் நடுவே பன்னிரண்டு வருஷம்.

இன்னொரு வேடிக்கையும் கேளுங்கள். கென்னடியின் பாதுகாப்பு உரிமையை நடைமுறைப்படுத்துவது போல 1972-இல் அமெரிக்காவில் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்கான சட்டம் வந்தது. ரொட்டி சுடும் கருவி, சைக்கிள், குழந்தைத் தொட்டில் எதுவானாலும் ஆபத்து என்று தெரிந்தால் திரும்பப் பெறச் செய்ய அதற்கு அதிகாரம் உண்டு. துப்பாக்கிக்கு மட்டும் அந்தச் சட்டத்திலேயே விலக்கு! பொம்மைத் துப்பாக்கியை அந்த ஆணையம் கேள்வி கேட்கலாம். நிஜத் துப்பாக்கியைக் கேட்க முடியாது.

மறுபக்கமும் உண்டு

ஒரு பக்கமே பேசினால் நியாயம் இல்லை. துப்பாக்கி வைத்துக்கொள்வதை அமெரிக்கர்கள் பலர் உரிமையாகவே நினைக்கிறார்கள். 1791-இல் அரசியல் சட்டத்தில் சேர்ந்த இரண்டாவது திருத்தத்தை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். வீட்டில் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று 2008-இல் அவர்கள் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்துவிட்டது. அக்கம்பக்கம் வீடே இல்லாத பண்ணையில் இருப்பவருக்கு அது தற்காப்பு, வேட்டைக்காரருக்கு அது கருவி. கென்னடியே தேசிய துப்பாக்கிச் சங்கத்தின் ஆயுள் உறுப்பினர்தான்! அவரைத் துப்பாக்கியின் எதிரி என்று யாரும் சொல்ல முடியாது. 1958 மசோதா நிறைவேறியிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்றும் அடித்துச் சொல்ல முடியாது. கொல்ல நினைத்தவன் வேறு துப்பாக்கி தேடியிருக்கலாம்.

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். உரிமை இருப்பது வேறு, விற்கும்போது கேள்வி கேட்பது வேறு. மருந்து சாப்பிடவும் நமக்கு உரிமை இருக்கிறது. அதற்காக மருந்துச் சீட்டு வேண்டாம் என்கிறோமா? கார் ஓட்டவும் உரிமை இருக்கிறது. லைசென்ஸ் வேண்டாம் என்கிறோமா?

பிறகு ஏன் மாத்திரைக்கு மூன்று மாதம், துப்பாக்கிக்கு ஐந்து வருஷம்? என் சொந்தக் கருத்தைச் சொல்கிறேன், தப்பாக இருந்தால் கேன்டீனில் சண்டை போடுங்கள். துப்பாக்கிக் கட்டுப்பாடு கூடாது என்பவர்கள் சங்கமாக இருந்தார்கள். சந்தா, பத்திரிகை, ஒவ்வொரு உறுப்பினருக்கும் கடிதம் போடும் ஏற்பாடு எல்லாம் அவர்களிடம் இருந்தது. கட்டுப்பாடு வேண்டும் என்பவர்கள் எண்ணிக்கையில் அதிகம், ஆனால் சிதறிக் கிடந்தார்கள். ஒரு சாவுக்கு அழுதுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். கென்னடி 1962-இல் நுகர்வோரைப் பற்றிச் சொன்ன நோய் இதேதான். பெரிய கூட்டம், குரல் இல்லாத கூட்டம். இங்கிலாந்து ஏன் தூங்கியது என்று கேட்டவரின் சொந்த நாடு, அவர் செத்த பிறகும் ஐந்து வருஷம் தூங்கியது.

இன்னொன்று. பொருளின் பாதுகாப்பு வாங்குகிறவரோடு முடிவதில்லை. அந்தத் துப்பாக்கியை வாங்கியவனுக்கு எந்தக் குறையும் இல்லை. சரியான விலை, சரியான பொருள், சொன்ன நாளில் டெலிவரி. நுகர்வோர் கணக்குப்படி பார்த்தால் திருப்தியான வியாபாரம்! பாதிக்கப்பட்டவர் அதன் எதிரே வந்தவர். அவரும் கணக்கில் வர வேண்டாமா?

நமக்கு என்ன?

கென்னடியின் நான்கு உரிமைகள் கடல் கடந்து வந்தன. 1985-இல் ஐக்கிய நாடுகள் சபை நுகர்வோர் பாதுகாப்புக்கு வழிகாட்டு நெறிகளை ஏற்றது. 1986-இல் நம் நாட்டில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது அந்த நான்கோடு, குறை தீர்க்கப்படும் உரிமை, நுகர்வோர் கல்வி உரிமை என்று இரண்டைச் சேர்த்து ஆறாக்கினார்கள். அதற்குப் பதிலாக வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. பழுதான பொருளால் தீங்கு நேர்ந்தால் தயாரித்தவரும் விற்றவரும் பொறுப்பேற்க வேண்டும் என்கிறது இந்தச் சட்டம். மாவட்ட ஆணையத்தில் வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரைக்குமான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள்.

எல்லாம் இருக்கிறது. பில் கேட்க நமக்குத்தான் வெட்கம்! என்னையே எடுத்துக்கொள்ளுங்களேன். நான் பில் வாங்காமல் வந்ததால் எனக்கு மட்டுமா நஷ்டம்? எனக்குப் பிறகு அதே கடையில் அதே ஆட்டம் போடும் டிராஃப்டரை எத்தனை ஜூனியர்கள் வாங்கினார்களோ! நான் அன்றைக்கே ஒரு புகார் எழுதியிருந்தால் அவர்களுக்காவது உதவியிருக்கும். நானும் தூங்கியவன்தான்.

கடைசியாக ஒன்று. நாம் இன்றைக்கு வாங்குகிறவர்கள், நாளைக்குச் செய்கிறவர்கள். டிப்ளமா முடித்து ஏதோ ஒரு தொழிற்சாலையில், ஏதோ ஒரு மெஷின் பக்கத்தில் நிற்கப்போகிறோம். கிரைண்டிங் வீலுக்குக் கார்டு போட்டுத்தான் ஓட்டணும் என்று நம் ஒர்க்‌ஷாப் சார் தினமும் கத்துகிறாரே, அந்தக் கார்டு ஓட்டுகிறவனுக்கு மட்டும் இல்லை, பக்கத்தில் நடந்து போகிறவனுக்கும் சேர்த்துத்தான். சோதனை போதாது என்று தோன்றுகிற ஒரு பொருளில் கையெழுத்துப் போடச் சொல்லி நம்மிடமும் ஒருநாள் ஒரு தாள் நீட்டப்படும். அப்போது டாக்டர் கெல்சியை நினைத்துக்கொள்வோம். ஒரு கையெழுத்தைப் போடாமல் நிறுத்தியே எத்தனையோ குழந்தைகளின் கையையும் காலையும் காப்பாற்றியவர் அவர்.

வருகிற மார்ச் 15 அன்று நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டுவதோடு நிறுத்த வேண்டாம். நம் யூனியன் சார்பில் ஒரு நோட்டுப் போடுவோம். எந்தப் பொருள், எந்தத் தேதி, என்ன குறை, பில் இருக்கிறதா என்று அவரவர் எழுதுவோம். மாதம் ஒருமுறை உட்கார்ந்து படித்து, சேர்ந்து புகார் அனுப்புவோம். தனித்தனியாகப் போனால் கடைக்காரர் பில் எங்கே என்பார். முப்பது பேர் கையெழுத்தோடு போனால் உட்காருங்க தம்பி என்பார்!

முதல் பக்கத்தில் என் மினி டிராஃப்டரைப் பற்றி நானே எழுதிவிடுகிறேன். இரண்டாவது பக்கம் உங்களுடையது.